குழந்தை வந்தாள்

"குழந்தை தூங்கறது" என்று யாராவது சொன்னால் அக்காவுக்குப் பொறுக்காது. "தூங்கறா" என்று திருத்துவார். மாமியார், மருந்துக்கடைக்காரர், கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரர் என்ற பேதமெல்லாம் கிடையாது. "குழந்தை ஒழுங்காச் சாப்பிடுதா?" என்று கேட்ட டாக்டரிடம், "சாப்பிடறா டாக்டர். ஜுரமும் அவளுக்குத்தான்" என்று சொன்னவர். தொட்டில் குழந்தையாக இருந்தால், ஆணா பெண்ணா என்று பெற்றவளிடம் விசாரித்துக்கொண்டு அதன் பிறகே கொஞ்சுவார்.

நான் ஒரு தடவை வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "குழந்தை வந்ததுன்னு சொல்றதுதானக்கா வழக்கம்? பள்ளிக்கூடத்துல அப்படித்தான சொல்லிக் குடுத்தாங்க?"

"பள்ளிக்கூடத்துல வேற எப்படிச் சொல்லிக்குடுப்பா?" என்றார். "சரி, நீங்களே சொல்லுங்கோ அண்ணாச்சி. எந்த வயசுல 'அது'ங்கறது 'அவ'ன்னு மாறும்? அதுக்கு நாள் நட்சத்திரம் ஏதாவது உண்டா?"

அது எந்த நாள் என்று எனக்கு இன்றும் தெரியாது.

அவர் என்னை அண்ணாச்சி என்பார், நான் அவரை அக்கா என்பேன். முதல் நாள் தெரியாத்தனமாக மாமி என்று கூப்பிட்டுவிட்டேன். "மாமின்னா தலை நரைச்ச மாதிரி இருக்கு, அக்கான்னு சொல்லுங்கோ" என்றார். "நீங்க என்னை அண்ணாச்சிங்கறீங்க, நான் உங்களை அக்காங்கறதா? ரெண்டுல யாரு மூத்தவங்க?" என்றேன். "சண்டை வரச்சே பார்த்துக்கலாம்" என்றார். சண்டைகள் வந்தன. யார் மூத்தவர் என்பது மட்டும் முடிவாகவில்லை.

எங்களுக்குத் தி.நகரில் துணிக்கடை. பூர்வீகம் திருச்செந்தூர்ப் பக்கம். தாத்தா காலத்தில் வேட்டி சேலை, அப்பா காலத்திலிருந்து பள்ளிச் சீருடை. மே மாதம் வந்தால் எங்கள் கடைக்குள் நிற்க இடம் இருக்காது. அப்படிப்பட்ட வீட்டில்தான் நானும் என் மனைவியும் எங்கள் மகள் வள்ளியைப் பள்ளியிலிருந்து நிறுத்தினோம். தினமும் காலையில் வேன் ஹாரன் கேட்டதும் அவள் வாந்தி எடுத்தாள். டாக்டர்கள் வயிற்றில் ஒன்றுமில்லை என்றார்கள். தரமணியில் வேலை பார்க்கும் என் மனைவிதான், "அவளை நாமளே வீட்ல வச்சுச் சொல்லிக் குடுத்தா என்ன?" என்று முதலில் கேட்டாள். அப்பா கேட்ட கேள்வி வேறு. "ஊரு பிள்ளைகளுக்கெல்லாம் யூனிபார்ம் விக்கோம். நம்ம பிள்ளை கவுனைப் போட்டுக்கிட்டு வீட்டச் சுத்துது. வெளிய சொன்னா சிரிப்பானுவடே."

எனக்கும் பயம்தான். பிள்ளையைப் பள்ளியிலிருந்து எடுத்துவிட்டோம், அடுத்து என்ன செய்வது என்று யாருக்குத் தெரியும்? அந்தப் பயத்தோடுதான் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடி அறைக்குப் போய்ச் சேர்ந்தேன். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாத சில குடும்பங்கள் சனிக்கிழமை காலையில் அங்கே கூடின. கூட்டியவர் அக்கா.

பாடத்திட்டம், பரீட்சை பற்றியெல்லாம் பேசுவார்கள் என்று எதிர்பார்த்துப் போனேன். அவரோ ஒரு தடித்த பழைய புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிள்ளைகளை எப்படி வளர்ப்பது, எதற்காகப் படிப்பிப்பது என்று அந்தக் காலத்துப் பெரியவர்கள் யோசித்து எழுதிய புத்தகம். அப்படிப்பட்டவைதான் அவருக்கு வேண்டும். மேல்நாட்டார் எழுதியதும் உண்டு, நம்மவர் எழுதியதும் உண்டு. "இன்னிக்கு வர்ற புஸ்தகமெல்லாம் எப்படின்னு சொல்றது. இவாதான் எதுக்குன்னு கேக்கறா. எதுக்குன்னு தெரியாம ஆத்துல உக்காத்தி வச்சுண்டு என்ன பண்றது?" என்பார்.

ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்தில் வாசிப்பார். விரலை அந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு, அதைத் தமிழில் சொல்லுவார். வீட்டில் பேசுகிற தமிழில். வரவில்லை என்றால் அடுத்த வாக்கியத்துக்குப் போகமாட்டார். ஒரு சனிக்கிழமை முழுவதும் 'டிசிப்ளின்' என்ற ஒற்றை ஆங்கிலச் சொல்லோடு மல்லுக்கட்டினோம். ஒருவர் ஒழுக்கம் என்றார், ஒருவர் கட்டுப்பாடு என்றார், நான் அடக்கம் என்றேன். "அடக்கம் சுடுகாட்டுலன்னா பண்ணுவா" என்று அதையும் தள்ளிவிட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனபோது அந்தச் சொல்லுக்குத் தமிழும் கிடைக்கவில்லை, ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. அடுத்த வாரம் எல்லோரும் நேரத்துக்கு முன்பே வந்துவிட்டோம்.

அந்தப் புத்தகங்களிலும் குழந்தையை அஃறிணையில்தான் எழுதியிருந்தார்கள். அதைக் கண்டுபிடித்த அன்று அவருக்கு ஒரே சிரிப்பு. "இங்கேயும் 'அது'தான் அண்ணாச்சி. எத்தனை பெரிய மனுஷா! குழந்தைக்கு மரியாதை குடுன்னு பக்கம் பக்கமா எழுதியிருக்கா, 'அது'க்கு மரியாதை குடுன்னு." தமிழில் சொல்லும்போது தன் இஷ்டத்துக்கு எல்லாவற்றையும் அவள் என்று மாற்றிவிடுவார். அதனால் எங்கள் காதுக்கு அந்தப் பெரியவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு பெண்ணைப் பற்றியே எழுதியதாகத் தோன்றும். அவள் மரம் ஏறுவாள், கேள்வி கேட்பாள், பொய் சொல்லுவாள். அவளை அவசரப்படுத்தாதே என்று எங்கிருந்தோ ஒரு தாடிக்காரர் நமக்குச் சொல்லுவார்.

எங்களில் ஒருவர் கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்தார். ஒரு நாள், குழந்தை எப்படித் தன் அறிவைத் தானே கட்டுகிறது என்று விரிவாக விளக்கிக்கொண்டிருந்தார். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எந்தக் குழந்தை?" என்றார்.

"பொதுவாச் சொல்றேங்க."

"பொதுவா ஒரு குழந்தையை நான் பார்த்ததில்லை. உங்க பிள்ளை இப்போ எங்க இருக்கான்?"

அவர் திரும்பிப் பார்த்தார். அவருடைய பிள்ளை தண்ணீர்த் தொட்டி ஏணியில் பாதி உயரத்தில் இருந்தான். எல்லோரும் விழுந்தடித்துக்கொண்டு ஓடினோம். அக்கா மட்டும் ஓடவில்லை, ஏணிக்குக் கீழே மெதுவாகப் போய் நின்று, "அடுத்த கால் எங்க வைக்கறதுன்னு பார்த்துக்கோ, வேகமே வேண்டாம்" என்று பேச்சுக் கொடுத்தே இறக்கினார். அதற்கப்புறம் யாராவது பொதுவாகப் பேச ஆரம்பித்தால் எங்கள் எல்லோருக்கும் ஏணி ஞாபகம் வந்துவிடும்.

அந்தக் குடியிருப்பின் வாசலில் துணி தேய்க்கிற அம்மாவுக்கு எங்கள் கூட்டமே பிடிக்காது. அக்காவை மடக்கி மடக்கிக் கேட்பாள். "இன்னாம்மா, பாப்பா வூட்லயே கீது? ஸ்கூலுக்குப் போவாதா?"

"கீதுன்னு சொல்லாதேடிம்மா. கீறான்னு சொல்லு."

"கீதோ கீறாவோ, ஸ்கூலுக்குப் போவலியே. நான்தான் படிக்காம இந்தப் பொட்டியத் தள்ளிக்கினு கீறேன்."

அக்கா மாடியேறி வந்துவிட்டார். மாடிக்கு வந்ததும் அன்றைக்குப் புத்தகத்தைத் திறக்க நேரமானது.

பாப்பா என்று அந்த அம்மா சொன்னது அக்காவின் ஒரே மகள் மைத்ரியை. ஒடிசலான பெண், கூர்மையான கண். ஒரு நாள்கூடப் பள்ளி வாசலை மிதித்ததில்லை. அவளுக்காக அக்கா கல்லூரி வேலையை விட்டார். மாமியாரோடு மனஸ்தாபம். "எந்த ஸ்கூல்?" என்று பந்தியிலேயே ஆரம்பித்துவிடுகிறார்கள் என்று சொந்தக்காரர் கல்யாணங்களுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். கணவர் நல்ல மனிதர், இன்சூரன்ஸ் வேலை, அதிகம் பேசமாட்டார். "அவ பார்த்துப்பா" என்ற ஒரு வாக்கியத்தில் எல்லாவற்றையும் அக்காவிடம் விட்டிருந்தார். அக்கா தன்னிடம் இருந்ததையெல்லாம் வைத்து ஆடிய ஆட்டம் அது. மைத்ரி நன்றாக வந்தால் அவர் ஜெயித்தார். இல்லாவிட்டால் ஊர் முழுக்கச் சொன்னது சரி.

மைத்ரி நன்றாகத்தான் இருந்தாள். நாங்கள் உள்ளே சுதந்திரத்தைப் பற்றிப் பேசும்போது அவள் மாடிப்படியில் மற்ற பிள்ளைகளை உட்கார வைத்து ஸ்கூல் விளையாடுவாள். வருகைப் பதிவு எடுப்பாள். "கையைக் கட்டு, வாயைப் பொத்து" என்று அவள் அதட்டுவது எங்களுக்குக் கேட்கும். பள்ளிக்கே போகாத பெண்ணுக்கு இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று எல்லோரும் சிரிப்போம். வேன் சத்தத்துக்கே வாந்தி எடுத்த என் வள்ளி, அங்கே முதல் படியில் கையைக் கட்டிக்கொண்டு சந்தோஷமாக உட்கார்ந்திருப்பாள். அக்கா சிரிக்கமாட்டார். வாசித்துக்கொண்டிருந்த வரி எது என்று தேடுவார்.

சரஸ்வதி பூஜை அன்று அவரைப் பார்க்கப் பாவமாக இருக்கும். புத்தகங்களையெல்லாம் அடுக்கிப் பொட்டு வைத்துவிட்டால் அன்று எதையும் படிக்கக் கூடாதே. காலண்டரில் இருக்கிற எழுத்தைக்கூடப் பார்க்காமல் இருக்கப் பாடுபடுவார். கொலுவுக்கு முன்னால் அந்தத் தாடிக்காரர்கள் எல்லோரும் சந்தனம் குங்குமத்தோடு அடுக்கப்பட்டிருப்பார்கள். மறுநாள் விஜயதசமிக்கு நாங்கள் எல்லோரும் அவர் வீட்டுக்குப் போவோம். ஒவ்வொரு பிள்ளையும் அன்றைக்குப் புதிதாக எதைத் தொடங்கப் போகிறது என்று கொலுவுக்கு முன்னால் நின்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் என்ன சொன்னாலும் அதுதான். பெற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. சட்டம் போட்டவர் அக்கா.

ஒரு வருடம் வள்ளி நீச்சல் என்றாள். தொட்டி ஏணிப் பையன் தபேலா என்றான். மைத்ரி முறை வந்தது. பாவாடையைச் சரி செய்துகொண்டு, "நான் ஸ்கூலுக்குப் போகப்போறேன். ஜூன்லேர்ந்து" என்றாள்.

 அக்கா கையில் சுண்டல் தட்டு இருந்தது. எங்களைப் பார்த்துச் சிரித்தார். "குழந்தைக்கு என்ன தெரியும்? அது ஏதோ சொல்லிண்டிருக்கு."

சொல்லி முடித்ததும் எங்கள் எல்லோருக்கும் காதில் விழுந்துவிட்டது. அவருக்கு மட்டும் விழவில்லை. மைத்ரி கோபப்படவில்லை. அம்மா எல்லோரையும் எப்படித் திருத்துவாரோ அதே குரலில், "இருக்கு இல்லைம்மா. இருக்கா" என்றாள்.

அக்கா தட்டை என் மனைவி கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். வெகு நேரம் வரவில்லை. என் மனைவி போய்ப் பார்த்தாள். சமையலறையில் ஒன்றும் செய்யாமல் நின்றுகொண்டிருந்தாராம்.

அதன் பிறகு வந்த சனிக்கிழமைகளில் அவர் வாசித்த வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தமிழில் சொல்லுவதை விட்டுவிட்டார். இந்தப் புத்தகத்தில் பாதி, அந்தப் புத்தகத்தில் கால் என்று தாவித் தாவிப் போனார். என்ன தேடுகிறார் என்று எங்களுக்குத் தெரியும். பிள்ளை கேட்டாலும் பெற்றவர்கள் முடியாது என்று சொல்லலாம் என்று யாராவது ஒரு பெரியவர் எழுதியிருக்கிறாரா என்று பார்த்தார். ஒரு நாள் எல்லோரும் போன பிறகு பாயைச் சுருட்டிக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"அண்ணாச்சி, வள்ளி போகணும்னு கேட்டா என்ன பண்ணுவேள்?"

"அவ கேக்க மாட்டாக்கா. அவளுக்குப் பயம்."

"பயமில்லாத பொண்ணை வளர்த்தது என் தப்பு, இல்லையா?" என்று சிரித்தார். பிறகு சொன்னார்: "ஒரு வரி கிடைச்சாப் போறும்னு தேடினேன். நூறு வரி கிடைச்சுது. வேண்டாம்னு சொல்றதுக்கு அத்தனை நல்ல நல்ல காரணம் எழுதி வச்சிருக்கா. எதை எடுத்துச் சொன்னாலும் அவளால பதில் சொல்ல முடியாது. அதான் பயமா இருக்கு."

"அப்ப சொல்லிட வேண்டியதுதான?"

"என்னால ஜெயிச்சுட முடியும் அண்ணாச்சி. ஜெயிச்சப்புறம் அவளை எப்படி முகம் பார்க்கறது?"

தைப்பொங்கலுக்குப் பிறகு சனிக்கிழமைக் கூட்டம் நின்றுபோனது. நிறுத்துகிறேன் என்று அவர் சொல்லவில்லை. ஒரு வாரம் தலைவலி, ஒரு வாரம் விருந்தாளி. அவர் இல்லாமல் நாங்கள் ஒரு வாரம் கூடிப் பார்த்தோம். கம்ப்யூட்டர்காரர் வாசித்தார், தடங்கல் இல்லாமல் ஒரு அத்தியாயமே முடிந்துவிட்டது. ஒருவருக்கும் கோபம் வரவில்லை. அடுத்த வாரம் யாரும் வரவில்லை. இப்போதும் சனிக்கிழமை காலையில் கடையில் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு அந்த நினைப்பு வந்துவிடும். ஒரே ஒரு வரியை வைத்துக்கொண்டு அவரோடு ஒரு சண்டை போட முடிந்தால் போதும் என்று இருக்கும்.

மே மாதம் அக்கா எங்கள் கடைக்கு வந்தார். அத்தனை வருடப் பழக்கத்தில் முதல் முறை. ஒவ்வொரு கவுன்டரிலும் மூன்று வரிசைக் கூட்டம், பிள்ளைகள் அழுகை, பிளாஸ்டிக் உறை கிழிகிற சத்தம். நடுவில் அவர் தன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். மந்தைவெளியில் ஒரு பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது என்றார். அங்கே தலைமையாசிரியை, "இத்தனை வருஷமா ஆத்துல என்ன படிச்சா?" என்று கேட்டாராம்.

"என்னக்கா சொன்னீங்க?"

"நான்தான் படிச்சேன்னு சொன்னேன். வேற என்ன சொல்றது?"

எங்கள் கடையின் பழைய ஆள், ஊர்க்காரர், சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார்: "பிள்ளையக் கூட்டிட்டு வரலியாம்மா? எம்புட்டு உயரம் இருக்கும்?"

அக்கா தன் கையை நெஞ்சுக்குக் கீழே வைத்துக் காட்டினார். "இவ்வளவு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மைத்ரி அவர் தோள் உயரத்துக்கு வளர்ந்து ஒரு வருடம் ஆகிறது. "அக்கா, இன்னும் கொஞ்சம் வளந்துட்டாளே" என்றேன்.

"எனக்குத் தெரியாதா? இவ்வளவுதான் இருக்கா."

சீருடைக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. அளவுக்குச் சரியாக யாரும் எடுக்கமாட்டார்கள். அடுத்த வருடத்துக்கும் ஆகட்டும் என்று ஒரு சைஸ் பெரிதாகவே எடுப்பார்கள். முதல் வருடம் தொளதொள, இரண்டாம் வருடம் சரி. எங்கள் ஆள் அதைச் சொன்னதும் அக்கா நிமிர்ந்துவிட்டார். பழைய அக்கா. "அடுத்த வருஷத்துப் பொண்ணுக்கு நான் வாங்கலை. இன்னிக்கு எப்படி இருக்காளோ அந்தப் பொண்ணுக்குத் தாங்கோ. இருக்கற குழந்தையைப் பார்க்காம, வரப்போற பெரியவாளைப் பார்த்துண்டே வளர்க்கறோம், அதனாலதான் எல்லாக் கஷ்டமும்."

ஆள் என்னைப் பார்த்தார். கொடுத்துவிடுங்கள் என்று தலையாட்டினேன். அக்கா நெஞ்சுக்குக் கீழே கையை வைத்துக் காட்டிய பிறகு என்ன பேசுவது? மாற்றிக் கொடுக்கிற கடைதானே, பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். போகும்போது, "நன்னா அயர்ன் பண்ணிக் குடுக்கணும் இல்லையா அண்ணாச்சி? அவாளெல்லாம் மடிப்புப் பார்ப்பாளோ?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவர் வாயிலிருந்து கேட்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இரண்டொரு நாள் கழித்து, மத்தியானம் கூட்டம் சற்றுக் குறைந்த வேளையில் மைத்ரி வந்தாள். அவள் அப்பா வெளியே போன் பேசிக்கொண்டு நின்றார். இவள் மட்டும் எங்கள் கடைப் பையோடு நேராக என்னிடம் வந்தாள்.

"மாமா, இது பத்தலை. கையைத் தூக்கினா தையல் பிரியறது."

"அம்மாகிட்ட போட்டுக் காட்டலியா?"

"காட்டினேனே. மூச்சை உள்ள இழுத்துப் பிடிச்சுண்டு நின்னேன். கச்சிதமா இருக்குன்னு சொன்னா. ரொம்ப சந்தோஷப்பட்டா மாமா."

நானே அலமாரியில் தேடி எடுத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு வந்து கண்ணாடி முன்னால் நின்றாள். கையைத் தூக்கிப் பார்த்தாள், குனிந்து பார்த்தாள். சரியாக இருந்தது. அவளும் சரியாக இருந்தாள். பள்ளிக்கூடத்துப் பெண் மாதிரியே இருந்தாள். மாற்றிக்கொண்டு வந்து, சட்டையை என் மேஜையில் வைத்துக் கழுத்துப் பட்டையைத் திருப்பிக் காட்டினாள். உள்ளே சைஸ் நம்பர் போட்ட சீட்டு தைத்திருந்தது.

"இதை மட்டும் எடுத்துடறேளா? மடிச்சு வைக்கறச்சே அம்மா கண்ணுல படும்."

பிளேடை எடுத்து ஒவ்வொரு தையலாகப் பிரித்தேன். துணியில் கீறல் விழாமல் இருக்க வேண்டுமே என்று பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாச் சட்டைக்கும் எடுத்து முடித்தபின் அதே பையில், அதே மடிப்பில் வைத்துக் கொடுத்தேன்.

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்கோ மாமா."

"சொல்ல மாட்டேம்மா."

அவள் படியிறங்கி அப்பாவோடு போய்விட்டாள். எனக்கு உடனே அக்காவுக்குப் போன் போட வேண்டும் போல இருந்தது. எந்தப் பெண்ணை நினைத்து அவர் அத்தனை சனிக்கிழமையும் அத்தனை புத்தகங்களையும் படித்தாரோ, அவள் வந்துவிட்டாள், என் கடைக்கு வந்து சட்டை மாற்றிக்கொண்டு போகிறாள் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. ஆனால் சொல்லமாட்டேன் என்று கொடுத்த வாக்கு அந்தப் பெண்ணிடம் கொடுத்தது. அதற்கடுத்த வருடம் அவள் அப்பாவுக்கு வடக்கே மாற்றலானது, வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். அக்காவின் பழைய நம்பர் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது. அந்த மனிதர் இந்தியில் பேசுகிறார். தெரிந்தும் இரண்டு மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன்.